கோடியக்கரை, முத்துப்பேட்டை: எந்த மாதம் போவது, எதை விடுவது?

பயணப்பை:

வணக்கம். கோவையிலிருந்து குடும்பத்தோடு கோடியக்கரை போகலாம் என்று யோசனை. நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், அப்புறம் அப்பா. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு, ஆனால் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். மகளுக்குப் பள்ளியில் ஈரநிலம் பற்றி ஏதோ புராஜெக்ட் கொடுத்தார்கள், அன்றிலிருந்து வீட்டில் பூநாரை பூநாரை என்று ஒரே பேச்சு. இணையத்தில் தேடினால் ஒருவர் தண்ணீர் முழுக்க பூநாரைக் கூட்டம் என்கிறார், இன்னொருவர் காய்ந்த தரையும் கருவேலமும்தான் இருந்தது, பெட்ரோல் தண்டம் என்கிறார். இரண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் போனார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது.

எந்த மாதம் நல்லது? முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாமா? பிச்சாவரம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம், அதே மாதிரிதான் இருக்கும் என்றால் முத்துப்பேட்டையை விட்டுவிடுகிறேன். சனி ஞாயிறோடு ஒரு நாள் லீவு சேர்த்துப் போடலாம், அதற்கு மேல் கிடைக்காது.

உப்பங்கழி:

ஒரே ஊர்தான், மாதம்தான் வேறு. கோடியக்கரை பற்றி யார் என்ன சொன்னாலும் முதலில் அவர் எப்போது போனார் என்று கேளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பூநாரைக்கு வேண்டியது ஆழமில்லாத தண்ணீர். அது அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித் தின்கிற பறவை. கால் நீளம்தான், ஆனாலும் நின்று மேய்கிற ஆழத்துக்கு ஓர் அளவு உண்டு. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்போது வேதாரண்யம் சதுப்பு முழுக்கத் தண்ணீர் ஏறி நிற்கும். அப்போது போனால் நீங்கள் தண்ணீரைப் பார்க்கலாம், பறவையைத் தேட வேண்டும். மழை விட்டு, டிசம்பர் கடைசியிலிருந்து தண்ணீர் வடிய வடிய, ஜனவரி பிப்ரவரியில் முழங்கால் கணுக்கால் அளவுக்கு வந்து நிற்கிற இடங்களில்தான் கூட்டம் சேரும். எந்த இடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் போன வருடம் இங்கே பார்த்தேன் என்று யாராவது மேப்பில் புள்ளி வைத்து அனுப்பினால் நம்பி நேரே அங்கேயே போய் நிற்காதீர்கள், கோடியக்காட்டில் வனத்துறை ஆட்களிடம் இப்போது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். வாட்சர்கள் தினமும் பார்க்கிறவர்கள்.

உங்கள் மகளுக்குப் பூநாரைதான் வேண்டும் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் ஒன்றா என்ற கேள்விக்கு இங்கே சரியான ஆள் ஒருவர் இருக்கிறார், வருவார்.

லென்ஸ்மூடி:

வெளிமான் படம் எடுக்க வேண்டும் என்றால் நான் கோடைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். மழைக்காலத்தில் புல்வெளி நெடுகத் தண்ணீர் நிற்கும், மான்கள் மேட்டுப் பக்கம் ஒதுங்கிவிடும். மார்ச்சுக்கு மேல் தரை காய்ந்து புல்வெளி திறந்து கிடக்கும், காலை ஆறரைக்கு அங்கே இருந்தால் தூரத்திலிருந்தே கூட்டம் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் கானல்தான் படத்தில் வரும்.

ஒரு ஆண் மானை ஒரு காலை முழுக்க வண்டிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நல்ல கறுப்பு, அடியில் வெள்ளை, முறுக்குக் கொம்பு. ஒரே இடத்தில் புழுக்கைக் குவியல், அதைச் சுற்றிச் சுற்றியே வருகிறது. நடுவில் நின்று ஒரு குச்சியின் நுனியைக் கண்ணுக்கு முன்னால் இருக்கிற சுரப்பிக்குள் விடுகிற மாதிரி மெதுவாகத் தேய்க்கும், இது என் இடம் என்று வாசனை வைப்பதாம். அப்புறம் தலையை மேலே தூக்கிக் கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு ஒரு நடை. பெட்டை மான்கள் கொஞ்சமும் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் குவியலைச் சுற்றித்தான் அதன் மொத்த ராஜ்யம், அதைவிட்டு வெளியே போக மாட்டேன் என்கிறது. நீங்கள் அசையாமல் இருந்தால் அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். இறங்கி நாலு அடி வைத்தால் போதும், மொத்தக் கூட்டமும் துள்ளி ஓடிவிடும்.

சும்மாஇருப்பவன்:

இதற்குத்தான் கேட்கிறேன், எல்லாரும் போய்ப் பார்த்தே ஆக வேண்டுமா? 1967இல் சரணாலயம் ஆக்கியதே மானை நிம்மதியாக இருக்க விடுவதற்குத்தான். சனி ஞாயிறில் வேன் வேனாக ஆட்கள், ஸ்பீக்கரில் பாட்டு, சிப்ஸ் பாக்கெட். குரங்குக்குப் பிஸ்கட் போட்டுப் போட்டு அது இப்போது கையிலிருந்தே பிடுங்குகிறது. வெளிமானை கிண்டியிலும் பார்க்கலாமே.

உப்பங்கழி:

கிண்டியில் வெளிமான் இருப்பது உண்மைதான், ஆனால் நகரத்துக்கு நடுவில் வேலி போட்ட காடு அது. கடலும் சதுப்பும் புல்வெளியும் காடும் ஒரே இடத்தில் முட்டி நிற்பதைக் கிண்டியில் காட்ட முடியாது. வங்காள விரிகுடாக் கரை நேராகத் தெற்கே வந்து, சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணைக்குள் போகிறதே, அந்த மூலைதான் கோடியக்கரை. வடக்கிலிருந்து வருகிற பறவைக்கு அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும், அதற்கப்புறம் கடல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கேயே ஒரு நிலையம் வைத்துப் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டியது அதனால்தான், சாலிம் அலியே வந்து போன இடம். 1980களில் கரண்டிமூக்கு உள்ளான் வலையில் சிக்கிய ஊர் இது. உலகத்திலேயே மிகவும் அரிதாகிப்போன பறவைகளில் ஒன்று அது. 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து முதலில் போனது இதுதான், அடுத்தவற்றை அறிவிக்க 2022 ஆனது.

ஆட்கள் போகவே கூடாது என்றால், அடுத்த முறை அங்கே ஏதாவது கட்ட வேண்டும் என்று யாராவது கிளம்பும்போது கேட்க நாதி இருக்காது. பாட்டுப் போடுகிறவனைத் தடுக்கலாம், ஆறாவது படிக்கிற பிள்ளையை ஏன் தடுக்க வேண்டும்?

நரிக்கண்டல்:

என்னைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிச்சாவரம் பார்த்தவருக்கு முத்துப்பேட்டை அதே மாதிரி இருக்காது, முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். பிச்சாவரத்தில் சுரபுன்னை நிறைய. வளைந்த வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும், துடுப்புப் படகு அந்தக் குடைக்குள் நுழைந்து போகும், படம் எடுக்க அதுதான் அழகு. முத்துப்பேட்டையில் பெரும்பாலும் வெண்கண்டல், அங்கே எல்லாரும் அலையாத்தி என்றே சொல்வார்கள். அதன் வேர் மேலிருந்து வளைந்து இறங்காது, சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. ஜாம்புவானோடையில் மோட்டார் படகு ஏறிக் கோரையாற்று வழியாகப் போனால் இரண்டு பக்கமும் மரச்சுவர் மாதிரி வந்துகொண்டே இருந்து, திடீரென்று கரை விலகி லகூன் என்கிற கடற்கழி திறக்கும். மறு கரை மெல்லிய கோடாகத்தான் தெரியும். பிச்சாவரத்தில் இந்த வெட்டவெளி கிடையாது.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அலையாத்தி உப்புத் தண்ணீரையே உறிஞ்சுகிறது, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறினபிறகு இலையைப் பார்த்தால் பொடிப்பொடியாக உப்பு மின்னும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். புராஜெக்டுக்கு இதைவிட என்ன வேண்டும்!

வாடைக்காற்று:

நரிக்கண்டல் டீச்சர் சொன்னது சரி, ஆனால் பிள்ளையிடம் கண்ட இலையையும் நக்கச் சொல்லாதீர்கள். அதே காட்டில் தில்லையும் நிற்கிறது. ஒடித்தால் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டாலும் பொத்துப் போகும். எங்கள் பக்கம் விறகுக்குக்கூட யாரும் சும்மா கை வைக்க மாட்டார்கள். படகுக்காரர் காட்டுகிற மரத்தை மட்டும் தொடுங்கள்.

நான் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வெளியூரில் வேலை. போகிறவர்கள் படகுக்காரரிடம் கேட்க வேண்டியது ஏத்தமா வத்தமா, அதாவது கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று. எங்கள் பக்கம் கடல் பெரிதாக ஏறி இறங்காது, குஜராத் மாதிரி எல்லாம் இல்லை, ஆனால் லகூனே ஆழமில்லாதது, அரை அடி குறைந்தாலும் படகு சேற்றைத் தொடும், மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கழி போட்டுத் தள்ள வேண்டியதுதான். வாடை நன்றாக அடிக்கிற நாளில் மதியத்துக்கு மேல் லகூன் நடுவில் தண்ணீர் எழும்பும், வயசானவர்களுக்கு அது சரிப்படாது. காலை ஏழு மணிக்கு ஏறிவிட்டால் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. படகில் ஏறுமுன் லைப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள், கொடுப்பார்கள், நாம்தான் வெட்கப்பட்டுக்கொண்டு கழற்றி வைக்கிறோம்.

பயணப்பை:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. அப்படியென்றால் பிப்ரவரி முதல் வாரம் என்று வைத்துக்கொள்கிறேன், முத்துப்பேட்டையும் உண்டு. லகூன் பக்கம் இறங்கி நடக்க முடியுமா? மரப்பாதை ஒன்று படத்தில் பார்த்தேன். அப்புறம் சில படங்களில் மரமெல்லாம் பட்டுப்போய் எலும்புக்கூடு மாதிரி நிற்கிறதே, அது என்ன நோய்?

நரிக்கண்டல்:

நோய் இல்லை, கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. அலையாத்தியில் இலை ஒன்று விடாமல் உதிர்ந்து, ஏராளமான மரங்கள் அப்படியே காய்ந்துவிட்டன. மரப்பாதையும் அப்போது நன்றாக அடி வாங்கியது. சரிசெய்த பகுதி எது, நடக்க விடுவது எது என்பதைப் படகு ஏறும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆனால் காய்ந்த மரம் எல்லாவற்றையும் கஜா கணக்கில் எழுத முடியாது. முத்துப்பேட்டைக்கு அதைவிடப் பழைய வியாதி ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டி விறகுக்கு விட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் 1970 வாக்கில்தான் நின்றது. மரம் போனதும் சேறு நேரடி வெயிலில் காய்ந்து உள்வாங்கித் தொட்டி மாதிரி ஆனது. ஏத்தத்தில் உள்ளே வருகிற தண்ணீர் வத்தத்தில் வெளியே போக முடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் அலையாத்திகூட முளைக்காது, உமரிச் செடி மட்டும் செக்கச்செவேலென்று படர்ந்து கிடக்கும். எவ்வளவு கன்று கொண்டு போய் நட்டாலும் செத்தது. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளைகள். தண்ணீர் தினமும் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு கழுவிப் போனது, அதன் பிறகு நட்டது பிடித்தது, தானாக விழுந்த விதையும் பிடித்தது. படகில் போகும்போது மரங்கள் அளவெடுத்த மாதிரி வரிசையாக நிற்பது தெரிந்தால் அது நட்ட காடு.

கன்று நடும் விழா என்று பேனர் பிடித்துப் படம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருகிற எரிச்சல் இதனால்தான். தண்ணீருக்கு வழி விடாமல் கன்று நட்டு என்ன பயன்?

மருதநிலத்தான்:

கடல் தண்ணீர் சரி, ஆற்றுத் தண்ணீரை ஏன் யாரும் பேசவில்லை? பாமணி, கோரையாறு, கிளைதாங்கி எல்லாம் காவிரியின் கடைசி வால். மேட்டூரில் திறந்தது கல்லணை தாண்டி, எங்கள் வயலெல்லாம் தாண்டி, மிச்சம் சொச்சம்தான் அந்தக் காட்டுக்குப் போய்ச் சேருகிறது. நாங்களே கடைமடையில் தண்ணீருக்குச் சாலை மறியல் செய்கிற ஆண்டில் அலையாத்திக்கு என்ன போகும்? நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்தால்தான் அங்கே இறாலும் மீனும் குஞ்சாக ஒதுங்கி வளரும். மழை பொய்த்த வருடம் போய்ப் பாருங்கள், பச்சையே மங்கிப்போயிருக்கும்.

வாடைக்காற்று:

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. முத்துப்பேட்டைப் பக்கம் வாய்க்கால் மீன்பிடி என்று ஒரு பழைய முறை. லகூனிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி வைத்திருப்பார்கள், மழை வெள்ளம் இறங்குகிற காலத்தில் மீன் அதில் ஏறும், வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். ஆற்றுத் தண்ணீர் வராத வருடம் அந்த வாய்க்கால் சும்மா கிடக்கும். மீன்முள் வாய்க்கால் எல்லாம் வெளியிலிருந்து வந்த யோசனை என்று சிலர் நினைக்கிறார்கள், வாய்க்கால் வெட்டினால் அதன் ஓரத்தில் அலையாத்தி செழிக்கும் என்பது எங்கள் தாத்தாக்கள் கண்ணால் பார்த்த விஷயம்தான்.

சும்மாஇருப்பவன்:

சரி, இது உண்மையிலேயே தெரியாத விஷயம். ஆனால் கோடியக்கரையில் மானைவிடக் குதிரை அதிகமாகத் தெரிகிறதே, அது எந்த இயற்கை? யாரோ விட்டுவிட்டுப் போன மட்டக்குதிரை பெருகி நிற்கிறது, அதைப் போய் காட்டுக் குதிரை என்று ரீல்ஸ் போடுகிறார்கள்.

லென்ஸ்மூடி:

ரீல்ஸ் போடட்டும், அந்தக் குதிரைகள் கடற்கரையில் ஓடும்போது பார்த்தால் நீங்களும் போடுவீர்கள்.

உப்பங்கழி:

அழகு வேறு, கணக்கு வேறு. புல்வெளி கொஞ்சம்தான், அதில் குதிரை, ஊர் மாடு, வெளிமான் எல்லாம் ஒரே புல்லை மேய்கின்றன. அதோடு சீமைக்கருவேலம். அதன் நெற்று இனிப்பு, குதிரையும் மாடும் விரும்பித் தின்னும், விதை வயிற்றுக்குள் போய்ச் சாணியோடு வெளியே வந்து இன்னும் நன்றாக முளைக்கும். இப்படிப் புல்வெளிக்குள் புதர் நுழைந்துகொண்டே வந்தால் வெளிமானுக்குத்தான் முதல் அடி, அது திறந்த வெளியில் தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற மிருகம். இதில் வெளிமானும் அதே நெற்றைத் தின்று அதே விதையைப் பரப்புகிறது என்பதுதான் வேடிக்கை. வனத்துறை கருவேலத்தை வேரோடு பிடுங்குகிறது, மழை வந்ததும் மறுபடி முளைக்கிறது. குதிரையைப் பிடித்து வெளியேற்ற வேண்டும் என்று ஒரு கட்சி, ஊரோடு இருந்து பழகிய ஜீவன் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

வாடைக்காற்று:

திட்டவில்லை, ஆனால் கஜா அன்று செத்து மிதந்த மானையும் பார்த்தோம், குதிரையையும் பார்த்தோம். மான் உடல் காரைக்கால் வரைக்கும் கரை ஒதுங்கியது. அதைப் பார்த்தவனிடம் வந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று கணக்குப் பேசினால் காதில் ஏறாது.

உப்பங்கழி:

அது சரி. இதை இங்கே முடிக்க முடியாது, தனி இழை போடுவோம்.

பயணப்பைக்கு இன்னொரு விஷயம். தை அமாவாசை தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் நீராட ஆயிரக்கணக்கில் சனம் வரும், வேதாரண்யத்திலிருந்தே வண்டி நகராது. உங்களுக்கும் நீராடும் எண்ணம் இருந்தால் அன்றைக்கே போங்கள், பறவை பார்க்க என்றால் முன்னால் பின்னால் ஓரிரண்டு நாளும் வேண்டாம்.

பயணப்பை:

அப்பா காதில் இது விழுந்தால் அன்றைக்குத்தான் போக வேண்டும் என்பார். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டப் போவதில்லை.

ரயிலில் வர முடியுமா? தங்குவதற்கு எங்கே? கார் என்றால் மூன்று நாளில் ஒன்றரை நாள் சாலையிலேயே போய்விடும் போலிருக்கிறது.

மருதநிலத்தான்:

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகலப்பாதை போட்டு 2023 ஏப்ரலில் ரயில் விட்டார்கள், 37 கிலோமீட்டர். அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால் கோடியக்கரை பத்து கிலோமீட்டருக்குள். ஆனால் தினம் நினைத்த நேரத்துக்கெல்லாம் ரயில் கிடையாது, நேரத்தைப் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். கோவையிலிருந்து தஞ்சாவூர் அல்லது திருவாரூர் வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டி பேசிக்கொள்வது பெரியவருக்கு நல்லது. முத்துப்பேட்டையும் திருவாரூர் காரைக்குடி ரயில் பாதையில்தான் இருக்கிறது.

அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் உண்டு, அப்பாவை அங்கே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து நடக்க ஆரம்பித்து, 30ஆம் தேதி அங்கேதான் உப்பு அள்ளிக் கைதானார். இன்றைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுநடுவே வெள்ளைக் குவியல். மகள் ஈரநிலம் என்றால் காடு மட்டும்தான் என்று நினைத்திருந்தால் இதையும் காட்டுங்கள், அந்தப் பாத்தி வரப்புகளிலும் உள்ளான் கூட்டம் ஓடும்.

வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள், கோயிலையும் விட்டுவிடாதீர்கள், அது வேறு கதை.

உப்பங்கழி:

தங்க வேதாரண்யத்தில் லாட்ஜ்கள் இருக்கின்றன, சுமார்தான். கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் உண்டு, நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். அதிகாரிகள் யாராவது வந்தால் கடைசி நேரத்தில் அறை இல்லை என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு, அதனால் வேதாரண்யத்தில் ஒரு அறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டையும் வேதாரண்யத்திலேயே முடித்துவிடுங்கள். குடிதண்ணீர் கொண்டு போங்கள், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

என் கணக்கில் உங்கள் மூன்று நாள் இப்படி: முதல் நாள் மாலைக்குள் முத்துப்பேட்டை வந்து தங்கல். இரண்டாம் நாள் காலை ஏழு மணிப் படகு, பதினொன்றுக்குள் கரை, மதியம் வேதாரண்யம், மாலை உப்பளப் பக்கம் பறவை. மூன்றாம் நாள் விடியலில் கோடியக்கரை, மானும் பூநாரையும், பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினதும் காட்டுப் பாதையில் நிழலுக்கு ஒதுங்கி, அப்படியே கிளம்பிவிடலாம். இதற்கு மேல் எதையும் திணிக்காதீர்கள். மனோரா, நாகூர், வேளாங்கண்ணி எல்லாம் பக்கம்தானே என்று யாராவது ஆரம்பிப்பார்கள், கேட்காதீர்கள்.

நரிக்கண்டல்:

மனோரா பக்கம் பாக் விரிகுடாவில் 2022இல் கடல்பசுவுக்கென்று ஒரு காப்பகம் அறிவித்திருக்கிறார்களே என்று நான்தான் ஆரம்பிக்க வந்தேன், வாயை மூடிக்கொள்கிறேன்.

காட்டுப் பாதை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கோடியக்கரைக் காடு அலையாத்திக் காடு இல்லை, பழைய மணல்மேடுகள் மேல் வளர்ந்த உலர் பசுமைக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலை பார்த்துப் பழகிய கோவைக்காரருக்கு இதெல்லாம் ஒரு காடா என்று தோன்றும், மரம் உயரமே இல்லை, கடல்காற்று சீவிவிட்ட மாதிரி ஒரே மட்டமாக நிற்கும். பாலை மரம்தான் அதிகம், உலக்கைப் பாலை என்பார்கள், கட்டை இரும்பு மாதிரி. கோடையில் மஞ்சளாகப் பழுக்கும், பாலாப்பழம் என்று வேதாரண்யம் பக்கம் விற்பார்கள், தின்றால் உதடெல்லாம் பிசின் ஒட்டும். நீங்கள் போகிற பிப்ரவரியில் பழம் இருக்காது. இலைச்சருகுக்குள் கீழே பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தால் ஆறுமணிக்குருவி கண்ணில் படலாம், அதற்கு அக்டோபர் நவம்பர் இன்னும் நல்லது. இராமர் பாதம் என்று ஒரு மேடு உண்டு, அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான், உயரம் என்றால் நாலு மீட்டர்! அப்பா ஏறிவிடுவார்.

லென்ஸ்மூடி:

கலங்கரை விளக்கம் பக்கம் போனால் பழைய சோழர் காலத்து விளக்கம் எங்கே என்று தேடாதீர்கள். அது 2004 சுனாமியில் போய்விட்டது, செங்கல் அடித்தளம்தான் மிச்சம்.

டிரோன் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கூடாது. பூநாரைக் கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிற வேலையும் வேண்டாம். ஓடைக்குள் இறங்கிக் கல்லெறிந்து கிளப்பிவிட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன், வாட்சர் வந்து கேமராவையே வாங்கி வைத்துக்கொண்டார்.

வாடைக்காற்று:

சின்னப் பிள்ளைக்கு என் பங்குக்கு ஒன்று. முத்துப்பேட்டையில் படகு கரையை ஒட்டி மெதுவாகப் போகும்போது சேற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே பறவையை மட்டும் பார்க்காமல். சுண்டுவிரல் நகம் அளவு நண்டு, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்கும். ஆண்கள் அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும், பெண் நண்டைக் கூப்பிடவாம். படகின் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள், மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். பக்கத்திலேயே கண்ணைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சேற்றில் துள்ளி நடக்கிற மீனும் இருக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் பூநாரையைவிட இதைத்தான் அதிகம் ரசித்துப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி என்பதால் கோடியக்கரையில் இரவுகளில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். முட்டைகளை வனத்துறை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள், பகலில் கேட்டால் காட்டுவார்கள். இரவில் டார்ச்சோடு நீங்களாகக் கடற்கரையில் இறங்காதீர்கள், வெளிச்சம் பட்டால் ஆமை திரும்பிவிடும். மீன்பிடி சீசனும் அதுதான், வெளியூர் மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கியிருப்பார்கள், கருவாடு காயும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், அவர்களுக்குக் கோபம் வரும். அவர்களோடு நின்று பேசினால் எந்தப் பறவை எங்கே என்று புத்தகத்தில் இல்லாததெல்லாம் சொல்வார்கள்.

சும்மாஇருப்பவன்:

நண்டுக்காகவாவது நானும் ஒரு முறை போகலாம் போலிருக்கிறது. சனி ஞாயிறு இல்லாமல்.

ஊர்சுற்றி:

பழைய இழையை மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும். நாங்களும் அடுத்த மாதம் போகிறோம். வீட்டு நாயைத் தனியாக விட முடியாது, பயிற்சி கொடுத்த நாய்தான், கயிற்றிலேயே வைத்துக்கொள்வோம். சரணாலயத்துக்குள் விடுவார்களா?

உப்பங்கழி:

வேண்டாம். கயிற்றில் இருந்தாலும் வேண்டாம். வெளிமான் குட்டி போட்டால் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும், குட்டி அசையாமல் கிடக்கும், நாய் மோப்பத்தில் நேராக அங்கேதான் போய் நிற்கும். ஊர் நாய்கள் மானைத் துரத்துவதே அங்கே பெரிய தலைவலி. வேதாரண்யம் லாட்ஜில் நாயை அனுமதிப்பார்களா என்று முதலில் கேளுங்கள், அனுமதித்தால் இரண்டு பேர் காலையில் போங்கள், இரண்டு பேர் மாலையில் போங்கள். முடியாது என்றால் நாயை ஊரிலேயே தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு வாருங்கள்.